சாயல் திருட்டாகுமா? அரூப ஓவியர் ஒருவரின் கேள்விக்கு வழக்கறிஞரின் பதில்

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரையும் பள்ளியையும் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதம் நீளமானது என்பதால் சுருக்கித் தருகிறேன்.

வயது 42. தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியை. மாலை நேரங்களிலும் விடுமுறையிலும் அரூப ஓவியங்கள், அதாவது உருவங்கள் இல்லாத ஓவியங்கள் வரைகிறார். சென்ற ஆண்டு நெடுநாள் எதுவுமே வரவில்லையாம். கேன்வாஸை நிறுத்திவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போய்விடுவாராம். அந்தச் சமயத்தில் ஒரு தோழி, புகழ்பெற்ற இந்திய அரூப ஓவியர் வி.எஸ். கெய்டோண்டேயின் ஓவியங்கள் அடங்கிய புத்தகம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். இரவெல்லாம் அதையே புரட்டிக்கொண்டிருந்தவருக்கு, ஒருநாள் கை தானாக நகர ஆரம்பித்திருக்கிறது. ஒரே நிறத்தில் அடுக்கடுக்கான பூச்சு, அதன்மேல் மிதப்பது போல் சில குறிகள். இப்படி ஐந்து ஓவியங்கள் வந்தன. சென்னையில் ஒரு குழுக் கண்காட்சியில் அவற்றை வைத்தபோது, மூத்த ஓவியர் ஒருவர் எல்லார் எதிரிலும், "கெய்டோண்டேவ நல்லா ஜெராக்ஸ் எடுத்திருக்கீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு இவர் தூரிகையைத் தொடவில்லை. "எனக்குள்ளிருந்து வந்ததா, அவரிடமிருந்து எடுத்ததா என்று எனக்கே தெரியவில்லை. ஒரு படம் மட்டும் புத்தகத்தில் உள்ள ஒரு படத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. மற்ற நான்கும் அப்படி இல்லை என்றுதான் நினைக்கிறேன்" என்று எழுதுகிறார்.

இந்த நேரத்தில் கோவையைச் சேர்ந்த உள் அலங்கார நிறுவனம் ஒன்று அவரைத் தேடி வந்திருக்கிறது. ஒரு ஓட்டலின் வரவேற்பறைக்கு எட்டு கேன்வாஸ் வேண்டுமாம். கெய்டோண்டேயின் மூன்று படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதே மாதிரி, கலர் மட்டும் எங்க சோபாவுக்கு மேட்ச் ஆகணும்" என்று கேட்டிருக்கிறார்கள். கூடவே ஒரு பக்க ஒப்பந்தமும் வந்திருக்கிறது. தொகை நல்ல தொகை. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவும். "முப்பது பர்சென்ட் மாத்திட்டா காப்பிரைட் பிரச்சினை வராது. அதோட, உருவமே இல்லாத படத்துக்கு யாரு சொந்தம் கொண்டாட முடியும்?" என்பது கணவரின் வாதம். கண்காட்சியில் வைத்த ஓவியங்களை விற்கலாமா, ஓட்டல் வேலையை எடுக்கலாமா, விற்ற பிறகு தனக்கு ஏதாவது உரிமை மிஞ்சுமா, மறுபடி எப்படி வரைய ஆரம்பிப்பது என்பவை அவருடைய கேள்விகள்.

சகோதரி, கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்குத் தோன்றியதை முதலில் சொல்லிவிடுகிறேன். பயப்படத் தேவையில்லாத இடத்தில் பயந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். பயப்பட வேண்டிய இடத்தில் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறீர்கள். அந்த மூத்த ஓவியரின் சொல் உங்களை எந்த நீதிமன்றத்துக்கும் கொண்டுபோகாது. ஆனால் கோவையிலிருந்து வந்த அந்த ஒரு பக்கக் காகிதம் கொண்டுபோகலாம்.

சாயலுக்குச் சொந்தக்காரர் இல்லை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, ஓர் ஓவியத்தைத்தான் பாதுகாக்கிறது. ஓவியம் தீட்டும் முறையை அல்ல. ரோலரால் சாயத்தைப் பரப்புவது, பேலட் கத்தியால் சுரண்டுவது, ஒரே நிறத்துக்குள் வெளிச்சம் கசிவது போலச் செய்வது, குறிகளை மிதக்கவிடுவது என எதுவுமே யாருக்கும் தனியுடைமை இல்லை. ஒரு கருத்துக்கோ கருவுக்கோ பதிப்புரிமை கிடையாது, அதை ஒருவர் வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்று 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது ஒரு நாடகத்துக்கும் ஒரு சினிமாவுக்கும் நடந்த சண்டை என்றாலும், இன்றுவரை ஓவிய வழக்குகளிலும் அதைத்தான் எடுத்து வைக்கிறோம். இரண்டையும் பார்த்த ஒருவர், பின்னது முன்னதன் நகல்தான் என்று சந்தேகமின்றி நினைக்கிறாரா? நீதிமன்றம் பார்க்கும் அளவுகோல் இதுதான். "ஞாபகப்படுத்துகிறது" என்பது போதாது.

உந்துதல் எங்கிருந்து கிடைத்தது என்பதும் சட்டத்துக்கு முக்கியமில்லை. நீங்கள் அதைப் பெரிய குற்றம்போல் எழுதியிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1896இல் மாஸ்கோவில் நடந்த ஒரு கண்காட்சியில் பிரெஞ்சு ஓவியர் மோனேயின் வைக்கோல் போர் ஓவியத்தின் முன் நின்ற, பின்னாளில் அரூப ஓவிய முன்னோடியான கண்டின்ஸ்கிக்கு, அது வைக்கோல் போர் என்றே புரியவில்லை. கையேட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். பொருள் தெரியாமலே ஒரு படம் மனத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது அங்கேதான் அவருக்கு உறைத்தது. அப்போது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது, ஓவியரும் இல்லை; மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர், எங்கள் ஆள். (நல்லவேளை, விட்டுவிட்டுப் போனார்.) சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966இல் உருவாக்கிய ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 1963இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைக்கு விதை, ஒரு மாணவரின் கணக்கு நோட்டில் கண்ணில் பட்ட ஒரு பக்கம். ஜாதகக் கட்டங்களையும் அவர் படங்களில் பார்க்கலாம். அந்த மாணவரோ, ஜாதகம் கணித்தவரோ பணிக்கர் மீது வழக்குப் போட முடியுமா?

உங்கள் கெய்டோண்டேயும் வானத்திலிருந்து குதித்தவர் அல்ல. ஐரோப்பிய ஓவியர் பால் கிளீயின் படங்களை ஆழ்ந்து பார்த்தவர். ஐம்பதுகளில் அவர் வரைந்தவற்றில் கிளீயின் தடம் நன்றாகவே தெரியும். ஜென் தத்துவம் படித்தார். 1964இல் ராக்ஃபெல்லர் நல்கையில் நியூயார்க் போனார். இத்தனையும் உள்ளே போய்த்தான் அவருடைய படங்கள் வெளியே வந்தன. ஆகவே யாரைப் பார்த்தீர்கள் என்பதை மறைக்காதீர்கள். அடுத்த கண்காட்சிக்கான குறிப்பில், கெய்டோண்டேயின் படங்களோடு நெடுநாள் இருந்தேன் என்று நீங்களே ஒரு வரி எழுதிவிட்டால், ஜெராக்ஸ் என்று சொல்ல வருபவருக்கு வேலை மிஞ்சாது. அதற்காகப் பெயர் போட்டுவிட்டால் எதையும் நகலெடுக்கலாம் என்று அர்த்தமில்லை. நன்றி சொல்வது மரியாதை, அனுமதி வாங்குவது வேறு.

அந்த ஐந்தாவது படம் கொஞ்சம் சிக்கலானது. புத்தகத்தில் உள்ள படத்தையும் உங்கள் படத்தையும் ஒரே அளவில் அச்சிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலில் கறுப்பு வெள்ளையில் பாருங்கள். நிறம் கண்ணை ஏமாற்றும். குறிகள் நிற்கும் இடம், அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளி, வெளிச்சம் எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்பதைக் கவனியுங்கள். இவை ஒன்றின்மேல் ஒன்று பொருந்தினால் அதை விற்காதீர்கள், இனிக் கண்காட்சியிலும் வைக்காதீர்கள், இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். எரிக்கவோ கிழிக்கவோ வேண்டாம். சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும் ஒரு படைப்பை நியாயமாகக் கையாளலாம் என்று 52ஆம் பிரிவு சொல்கிறது. பெரியவர்களின் படத்தைப் பார்த்து வரைந்து பழகாத ஓவியர் யார்? வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள். "தெரியாமல் கை போனது" என்ற வாதம் மட்டும் எடுபடாது. உரிமை மீறலுக்குத் திருட்டு எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்தப் புத்தகம் உங்களிடம் இருந்ததை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மற்ற நான்கும் உங்கள் விவரிப்புப்படி இருந்தால், தாராளமாக விற்கலாம்.

முப்பது சதவீதக் கணக்கு

உங்கள் கணவர் மட்டுமல்ல, என் அலுவலகத்துக்கு வருபவர்களில் பலரும் இந்தச் சதவீதக் கணக்கோடுதான் வருகிறார்கள். சிலர் இருபது என்பார்கள், சிலர் முப்பது. சட்டத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது. எடுத்தது முக்கியமான பகுதியா என்றுதான் பார்ப்பார்கள். ஒரு படத்தின் உயிர் எதில் இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு, பின்னணியை மட்டும் மாற்றினால் எண்பது சதவீதம் மாற்றினாலும் தப்பிக்க முடியாது. சோபா நிறத்துக்கு மாற்றுவதும் அந்த ரகம்தான்.

உருவமில்லாத படத்துக்கு யார் சொந்தம் என்பதும் தவறான எண்ணம். கலைத்தரம் இருக்கிறதோ இல்லையோ, ஓவியம் என்றால் அது 'கலைப் படைப்பு' என்கிறது 2(சி) பிரிவு. அதில் மரம் இருக்கிறதா, மாடு இருக்கிறதா என்று சட்டம் தேடுவதில்லை. ஆனால் வெறும் உழைப்பு போதாது, படைத்தவரின் கற்பனை ஓரளவாவது அதில் இருக்க வேண்டும் என்று 2007 டிசம்பரில் வந்த ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு காட்டியது. வெறும் வட்டம் எல்லாருக்கும் பொது. ஓவியர் எஸ்.எச். ரஸா தன் பிந்துவை, அதாவது அவர் படங்களில் வரும் வட்டப் புள்ளியைச் சுற்றி நிறங்களை அடுக்கிய குறிப்பிட்ட ஓவியம் அவருடையது. நீங்கள் ஒரு கறுப்பு வட்டம் போட்டால் யாரும் கேட்க முடியாது. அவருடைய ஓர் ஓவியத்தின் கட்டமைப்பை அப்படியே எடுத்தால் கேட்கலாம்.

இறந்தவர்தானே என்றும் நினைக்க வேண்டாம். ஓவியரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை தொடரும். மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து கணக்கு. கெய்டோண்டே மறைந்தது 2001இல். ஆகவே 2061 முடியும்வரை உரிமை அவர் வாரிசுகளிடமோ, உரிமை பெற்றவர்களிடமோ இருக்கும். உங்கள் ஊர்ப்பக்கத்துக்காரரான ஓவியர் கே.எம். ஆதிமூலம் மறைந்தது 2008இல், அவருக்கு 2068. கண்டின்ஸ்கியும் டச்சு அரூப ஓவியர் மோன்றியானும் 1944லேயே போய்விட்டார்கள். அவர்கள் படங்களுக்கு இங்கே உரிமைக்காலம் எப்போதோ முடிந்தது.

ஓட்டல் வேலை

"இதே மாதிரி" என்று மூன்று குறிப்பிட்ட படங்களை எழுத்துபூர்வமாக அனுப்பியிருக்கிறார்கள். நாளைக்குப் பிரச்சினை வந்தால், தெரிந்தே நகல் செய்ததற்கு அந்த வாட்ஸ்அப் உரையாடலே சாட்சி. தெரிந்தே செய்யும் உரிமை மீறல் 63ஆம் பிரிவில் குற்றமும்கூட: ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். வரவேற்பறையில் மாட்டிய ஒரு படத்துக்காக ஒருவர் சிறைக்குப் போவார் என்று உங்களைப் பயமுறுத்த மாட்டேன். நடைமுறையில் வழக்கு வருவதே அபூர்வம். ஆனால் கெய்டோண்டே என்பது சாதாரணப் பெயர் இல்லை. அவருடைய 1961ஆம் ஆண்டுப் படம் ஒன்று 2021இல் மும்பை ஏலத்தில் ஏறக்குறைய 40 கோடி ரூபாய்க்குப் போனது. இவ்வளவு விலை போகும் ஒருவரின் படத்தைப் போலவே, கையெழுத்தும் இல்லாமல் எட்டு கேன்வாஸ் செய்து கொடுத்தால், ஓட்டல் கைமாறும்போது அவை எங்கே போகும், யார் எந்தப் பெயரில் விற்பார்கள் என்று நமக்குத் தெரியாது. போலி ஓவிய விசாரணை வந்தால் அது மோசடி வழக்கு, பதிப்புரிமையைவிடக் கடுமையானது. "நான் அலங்காரத்துக்குத்தான் செய்தேன்" என்று விளக்கம் சொல்லிக்கொண்டு அலைவது நீங்கள்தான்.

அப்புறம், நீங்கள் கவனிக்காத இன்னொரு விஷயம். ஏற்கெனவே வரைந்து வைத்த படத்தை விற்றால், வாங்கியவருக்குக் கேன்வாஸ்தான் சொந்தம். பதிப்புரிமை உங்களிடமே இருக்கும். அதே ஓவியத்தை ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து வரையச் சொன்னால் நிலைமை தலைகீழ். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 17ஆம் பிரிவு. உங்கள் ஒப்பந்தம் ஒரு படி மேலே போய், "அனைத்து உரிமைகளும் நிறுவனத்துக்கே" என்றும், "மூன்றாம் நபர் கோரிக்கை எழுந்தால் ஓவியரே பொறுப்பு" என்றும் சொல்கிறது. உரிமை அவர்களுக்கு, வம்பு உங்களுக்கு. இதில் இந்த நிலையில் கையெழுத்துப் போடவே கூடாது.

மறுத்துவிடுவது ஒரு வழி. ஆனால் கல்லூரிக் கட்டணம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதைக் கண்டுகொள்ளாமல் பேசுவது எனக்குச் சுலபம். அதனால் நான் சொல்வது மாற்று யோசனை. உங்கள் நான்கு ஓவியங்களின் படங்களையும் ஸ்கெட்ச் புத்தகத்தின் சில பக்கங்களையும் அனுப்பி, "என் வேலை இப்படி இருக்கும். அளவும் நிறக் குடும்பமும் உங்கள் விருப்பம், அமைப்பு என்னுடையது" என்று எழுதுங்கள். பெரும்பாலான உள் அலங்காரக்காரர்களுக்கு வேண்டியது கெய்டோண்டே அல்ல. அந்தச் சுவரில் ஓர் அமைதி. மாதிரி காட்டத் தெரியாமல் கையில் கிடைத்த படத்தை அனுப்பியிருப்பார்கள். ஒப்புக்கொண்டால் ஒப்பந்தத்தில் இவற்றைச் சேர்க்கச் சொல்லுங்கள்:

பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும். ஓட்டலில் மாட்டவும், ஓட்டலின் விளம்பரப் படங்களில் அது தெரியவும் மட்டும் அனுமதி. காலண்டர், மெனு அட்டை, வால்பேப்பர் என்று அச்சடிக்க வேண்டுமானால் தனி அனுமதி, தனித் தொகை.

ஒவ்வொரு கேன்வாஸிலும் ஓவியரின் கையெழுத்து இருக்கும்.

பாதித் தொகை முன்பணம். வேலை நடுவில் நின்றால் அது திருப்பித் தரப்படாது.

அவர்கள் பதிப்புரிமையையும் கேட்டுப் பிடிவாதம் பிடித்தால், விலையைக் கூட்டிக் கொடுக்கலாம். அது உங்கள் முடிவு. அப்படிக் கொடுத்தாலும், அந்த வேலைக்காக நீங்கள் போட்ட ஸ்கெட்ச்களை மறுபடி பயன்படுத்த 52ஆம் பிரிவு விடுகிறது. அந்த ஓவியத்தின் மூல அமைப்பைத் திரும்பச் செய்யாமல் இருந்தால் போதும்.

விற்ற பின்னும் உங்களிடம் இருப்பவை

பதிப்புரிமையையே எழுதிக் கொடுத்துவிட்டாலும் 57ஆம் பிரிவின் உரிமை போகாது. இது என் படைப்பு என்று சொல்லும் உரிமையும், உங்கள் மதிப்பைக் கெடுக்கும் வகையில் அதைச் சிதைத்தால் கேட்கும் உரிமையும் அது. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த சிற்பி அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் அரசே கழற்றிக் கிடங்கில் போட்டுச் சேதப்படுத்தியது. அவர் வழக்காடி, 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சமிருந்ததை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. பணம் வாங்கிக்கொண்டு செய்த வேலைதான் அதுவும். ஆகவே ஓட்டல்காரர் சுவருக்குப் பொருந்தவில்லை என்று கேன்வாஸை வெட்டினால் நீங்கள் கேட்கலாம்.

தலைகீழாக மாட்டினால்? அரூப ஓவியர்களுக்கு இது விளையாட்டுக் கேள்வி இல்லை. மோன்றியான் 1941இல் ஒட்டு நாடாக்களால் செய்த ஒரு படம் பல பத்தாண்டுகளாகத் தலைகீழாகவே தொங்கிக்கொண்டிருந்தது என்று 2022இல் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். திருப்பினால் நாடா உதிர்ந்துவிடும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். நம் சட்டமோ, ஓவியருக்குத் திருப்தியாகக் காட்சிக்கு வைக்கவில்லை என்பது மட்டுமே மீறலாகாது என்கிறது. பின்பக்கம் அம்புக்குறி போட்டு "மேல்" என்று எழுதிவிடுங்கள். தலைப்பு, தேதி, பெயர் எல்லாம் அங்கேயே இருக்கட்டும்.

பதிவு செய்யாவிட்டால் உரிமை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியில்லை, வரைந்து முடித்ததுமே உரிமை வந்துவிடும். பதிவு ஒரு கூடுதல் சாட்சி. ஓர் ஓவியத்துக்குக் கட்டணம் 500 ரூபாய், இணையத்திலேயே செய்யலாம். பத்தாயிரத்துக்கு மேல் மறுவிற்பனை ஆகும் மூல ஓவியத்தில் ஓவியருக்குப் பங்கு உண்டு என்று 53ஏ பிரிவு இருக்கிறது, உச்சவரம்பு பத்து சதவீதம். காகிதத்தில் நல்ல பிரிவு. கேட்டு வாங்கியவர்கள் குறைவு.

தூரிகையைப் பற்றி

இது என் தொழில் இல்லை என்றாலும், கேட்டதால் சொல்கிறேன். எதுவும் வராத மாதங்களை நீங்கள் திறமை தீர்ந்துபோனதாகப் பார்க்கிறீர்கள். கெய்டோண்டே ஆண்டுக்கு ஏழெட்டுப் படங்கள்கூட முடிக்காதவர். 1984இல் ஒரு விபத்தில் அடிபட்டபின் பெரிய கேன்வாஸ்களைக் கொஞ்ச காலம் விட்டுவிட்டு, தாளில் மையால் சின்னச் சின்னதாக வரைந்துகொண்டிருந்தார். நீங்களும் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டு, சின்னத் தாளில் ஆரம்பியுங்கள். ஒவ்வொரு தாளிலும் தேதி போடுங்கள். பிற்காலத்தில் யாராவது "எங்கிருந்து எடுத்தாய்" என்று கேட்டால், தேதியிட்ட ஸ்கெட்ச் புத்தகத்தைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. தூக்கம் வரவில்லை, வகுப்பில் கவனம் நிற்கவில்லை என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அது இன்னும் தொடர்ந்தால் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். அதற்கு நான் பதில் சொல்வது சரியாக இருக்காது.

கோவைக்காரர்கள் அனுப்பிய மூன்று படங்களையும் செய்திகளையும் எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். உங்கள் மாற்று யோசனையை மின்னஞ்சலில் அனுப்புங்கள், போனில் பேசி முடிக்க வேண்டாம். அதற்குப் பிறகும் "அந்த மூணு படம் மாதிரியேதான் வேணும்" என்று வந்தால், முடியாது என்பதையும் எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள். திருத்திய ஒப்பந்தம் வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் திருச்சியிலேயே ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.